கிரேக்கத்தில் இரண்டாவதாக வந்தவர்

அந்தமானில் தமிழ் பேசும் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே வருகிற கேள்வி, "எந்த ஊரு?" போர்ட் பிளேர் நகரத்தை ஒட்டி, காராச்சர்மாவுக்கும் டாலிகஞ்சுக்கும் பக்கத்தில் இருக்கும் பத்துபஸ்தியிலும் இதே கதைதான். "பத்துபஸ்தி" என்று பதில் சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி வராது. அது இருக்கிற ஊர். அவர் கேட்டது அப்பாவோ தாத்தாவோ கப்பல் ஏறிய ஊர். ராமநாதபுரம் பக்கமா, தூத்துக்குடியா? பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பமா? 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டத்திலிருந்து கிளம்பியவர்களா? பதில் வந்த ஐந்தாவது நிமிடத்தில் பெரும்பாலும் ஒரு பொதுவான சங்கதி கிடைத்துவிடும். ஒரே கோயில் திருவிழா, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கப்பலில் மூன்று நாள் பயணம், சில சமயம் ஒரே கொள்ளுத் தாத்தா.

கேட்பவர்கள் அதிசயிப்பார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் அதிசயிக்க மாட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளின் மொத்த ஜனத்தொகையே சுமார் 3.8 லட்சம். அதில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களில் கணிசமானவர்களின் வேர் தமிழகத்தின் சில மாவட்டங்களில்தான். வந்த வழியும் ஒன்றுதான்: சென்னைத் துறைமுகம். இப்படிச் சிறிய வட்டத்துக்குள் சுற்றுகிறவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நம் மனம் வாய்ப்புகளைக் கணக்கிடுவதில் மகா மோசம். ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்த நாளாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று அதிகம். 57 பேர் இருந்தால் 99 சதவீதம். முதல் தடவை கேட்கிற யாரும் இதை நம்புவதில்லை. பெர்சி டயகோனிஸ், ஃபிரெடரிக் மாஸ்டெல்லர் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர்கள் 1989ல் தற்செயல்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுதான்: கூட்டம் போதிய அளவு பெரிதாக இருந்தால் எந்த விநோதமும் எப்போதாவது நடந்தே தீரும். நடந்தது யாருக்கோ, அவர் மட்டும் அதை விதி என்பார்.

ஆக, தற்செயல் எப்படி நேர்ந்தது என்பதற்கு விடை இருக்கிறது. நேர்ந்த பிறகு அதை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்கிறான் என்ற கேள்விக்குத்தான் கணக்கில் விடை இல்லை. அதற்கு விடை தேட வேறெங்கும் போக வேண்டாம். பத்துபஸ்தியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கடலைப் பார்த்து நிற்கும் செல்லுலார் சிறை வரை போனால் போதும்.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. சிறையின் பெயர் மாறவில்லை. நட்சத்திரத்தின் கதிர்கள் போல ஏழு கிளைகளாகக் கட்டப்பட்டது அது. மிச்சம் இருப்பவை மூன்று. 1979 பிப்ரவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். நடுக் கோபுரத்தில் கைதிகளின் பெயர்கள் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வங்காளத்துப் பெயர்கள் மிக அதிகம். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டிக்கப்பட்ட பரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத் ஆகியோர் அங்கே அடைக்கப்பட்டவர்கள். அவர்களை அந்தத் தீவுக்கு அனுப்பிய நீதிமன்றத்தில்தான், இந்திய சுதந்திரப் போராட்டத்தின் மிக விசித்திரமான தற்செயல் ஒன்று அரங்கேறியது. ஆனால் அதன் தொடக்கம் கல்கத்தாவில் அல்ல. லண்டனில், 19 வருடங்களுக்கு முன்னால், ஒரு கிரேக்க மொழித் தேர்வில்.

1890ல் ஐ.சி.எஸ். தேர்வு எழுதியவர்களில் அரவிந்த கோஷ் என்ற வங்காளி இளைஞர் இருந்தார். ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். இந்தியாவின் நிழல்கூடப் பிள்ளைகள் மேல் படக்கூடாது என்று நினைத்த டாக்டர் அப்பா. அதனால் மகனுக்குக் கிரேக்கமும் லத்தீனும் தண்ணீர் பட்ட பாடு. தாய்மொழிதான் தெரியாது. தேர்வில் ஒட்டுமொத்தமாக 11வது இடம். கிரேக்கத்தில் முதல் இடம். அந்தப் பாடத்தில் இரண்டாவதாக வந்தவர் சார்லஸ் போர்ட்டன் பீச்கிராஃப்ட் என்ற ஆங்கிலேய இளைஞர்.

இருவரும் ஐ.சி.எஸ். பயிற்சிக்காலத்தைக் கேம்பிரிட்ஜில் கழித்தார்கள். அங்கேதான் அரவிந்தர் வங்காளி கற்கத் தொடங்கினார், ஒரு வெள்ளைக்கார ஆசிரியரிடம். அந்த மொழித் தேர்வில் பீச்கிராஃப்ட் அவரை முந்திவிட்டார் என்றும் சொல்வார்கள். கிரேக்கத்தில் வங்காளி ஜெயித்தார், வங்காளியில் வெள்ளைக்காரர் ஜெயித்தார்.

பிறகு பாதைகள் பிரிந்தன. ஐ.சி.எஸ். அதிகாரிக்குக் குதிரையேற்றம் தெரிந்திருக்க வேண்டும். அரவிந்தர் அந்தத் தேர்வுக்குத் திரும்பத் திரும்பப் போகாமலே இருந்தார். 1892ல் தகுதியிழந்தார். உத்தியோகத்தில் அவருக்கு மனமில்லை என்பதுதான் உண்மைக் காரணம். 1893ல் பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்கு வந்தார். பீச்கிராஃப்ட் முறைப்படி ஐ.சி.எஸ். ஆகி வங்காளத்துக்கு வந்தார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் குதிராம் போஸும் பிரஃபுல்ல சாகியும் ஒரு கோச்சு வண்டி மீது குண்டு வீசினார்கள். இலக்கு, மாஜிஸ்திரேட் கிங்ஸ்ஃபோர்ட். வண்டியில் இருந்ததோ கென்னடி என்ற வழக்கறிஞரின் மனைவியும் மகளும். இருவரும் இறந்தார்கள். இரண்டே நாளில் கல்கத்தாவின் மாணிக்தலா தோட்டத்தில் போலீஸ் புகுந்தது. தோட்டம் அரவிந்தரின் குடும்பச் சொத்து. அங்கே ரகசியக் குழுவை நடத்தியவர் அவருடைய தம்பி பரீந்தர். குண்டு செய்த கைகளில் முக்கியமானவை உல்லாஸ்கர் தத்தின் கைகள். அதே மே 2 அதிகாலையில் அரவிந்தரும் படுக்கையிலிருந்து எழுப்பிக் கைது செய்யப்பட்டார்.

வழக்கு அலிப்பூர் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அக்டோபரில் வந்தது. குற்றவாளிக் கூண்டைச் சுற்றிக் கம்பி வலை. துப்பாக்கி முனையில் ஈட்டி செருகிய காவலர்கள். சர்க்கார் தரப்பில் ஏர்ட்லி நார்ட்டன். சென்னை உயர் நீதிமன்றத்தில் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர், காங்கிரஸின் ஆரம்ப நாட்களில் அதன் மேடைகளில் முழங்கியவர். எதிர்த்தரப்பில், பிற்பாடு தேசபந்து என்று அழைக்கப்பட்ட சித்தரஞ்சன் தாஸ். நீதிபதியின் நாற்காலியில் சி.பி. பீச்கிராஃப்ட்.

கிரேக்கத்தில் முதலாவதாக வந்தவர் கம்பி வலைக்குள். இரண்டாவதாக வந்தவரின் கையில் அவருடைய உயிர். அரசருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் தூக்கு வரை போகலாம்.

இங்கேயும் கணக்குக்காரர்கள் குறுக்கிடலாம். அன்றைய இந்தியாவை ஆண்ட ஐ.சி.எஸ். அதிகாரிகள் மொத்தமே ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் பலர் ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ படித்தவர்கள். அப்படிப்பட்ட ஒரு வட்டத்தின் விளிம்பு வரை போய் விலகிய ஒருவர், ராஜத்துரோக வழக்கில் மாட்டினால், எதிரில் உட்காருபவர் பழைய சக மாணவராக இருப்பது நடக்கக்கூடியதே. பத்துபஸ்தியின் "எந்த ஊரு"க்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சின்ன வட்டம், அடிக்கடி மோதல்.

சரி. ஆனால் மோதிய பிறகு?

விசாரணை நீண்டது. 200க்கும் மேற்பட்ட சாட்சிகள், ஆயிரக்கணக்கான ஆவணங்கள். நடுவில் அப்ரூவராக மாறிய நரேன் கோஸ்வாமி சிறைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நார்ட்டனின் ஒரே குறி அரவிந்தர். மற்றவர்கள் கை, இவர்தான் தலை என்று காட்டினால்தான் வழக்கு ஜெயித்த மாதிரி. அதற்கு அவர் பெரிதாக நம்பிய ஆவணங்களில் ஒன்று "இனிப்புக் கடிதம்". 1907 டிசம்பரில், சூரத் காங்கிரஸ் சமயத்தில், பரீந்தர் அண்ணனுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட ஆங்கிலக் கடிதம். நாடு முழுவதும் இனிப்புகள் தயாராக இருக்க வேண்டும் என்றது அது. இனிப்பு என்றால் குண்டு என்றது போலீஸ்.

தாஸ் இரண்டு விஷயங்களைச் சுட்டிக்காட்டினார். ஒன்று, அந்தச் சமயத்தில் அண்ணனும் தம்பியும் இருவருமே சூரத்தில் இருந்தார்கள். நேரில் பேசக்கூடிய ரகசியத்தை யாராவது காகிதத்தில் எழுதுவார்களா? இரண்டாவது, கடிதம் "அன்புள்ள சகோதரா" என்று ஆரம்பித்து முழுப் பெயரில் கையெழுத்தோடு முடிந்தது. வங்காளக் குடும்பத்தில் எந்தத் தம்பியும் அண்ணனுக்கு அப்படி எழுத மாட்டான். மூன்றாவது அண்ணனை "ஸேஜ்தா" என்பான். கீழே செல்லப்பெயர் இருக்கும். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொந்த அண்ணனுக்கு இனிஷியலோடு கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதும் தம்பியை நாமும் நம்ப மாட்டோம்.

நீதிபதியும் அந்தக் கடிதத்தைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அவருக்கு வங்காளி தெரியும், வங்காளிகளையும் தெரியும்.

1909 மே 6 அன்று தீர்ப்பு. கைதிகளிலேயே சர்க்கார் மிக அதிகமாகத் தண்டிக்க விரும்புவது இவரைத்தான், இவர் கூண்டில் இல்லாதிருந்தால் வழக்கு எப்போதோ முடிந்திருக்கும் என்று அரவிந்தரைப் பற்றித் தீர்ப்பிலேயே எழுதினார் பீச்கிராஃப்ட். எழுத்தும் பேச்சும் தீவிரமானவை என்பது வேறு, சதியில் பங்கு நிரூபணமானது என்பது வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் போதாது. விடுதலை.

அதே தீர்ப்பில், அதே பேனாவால், பரீந்தருக்கும் உல்லாஸ்கருக்கும் தூக்குத் தண்டனை.

பழைய நட்புக்காக நீதிபதி வளைந்துகொடுத்தார் என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். பரீந்தர் யார்? அந்தக் கேம்பிரிட்ஜ்காரரின் கூடப்பிறந்த தம்பி. அதுவும் லண்டனை ஒட்டிய நார்வுட்டில் பிறந்தவர். இங்கிலாந்தில் பிறந்த பிரஜை என்ற முறையில் தனி விசாரணை உரிமை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மற்றவர்களைக் காப்பாற்றலாம் என்ற நினைப்பில் கைதானவுடனேயே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தவர். அவருக்கு எதிராக ஆதாரம் இருந்தது, அண்ணனுக்கு எதிராக இல்லை. பழக்கத்துக்குச் சலுகை காட்டுகிற நீதிபதி தம்பியையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருப்பார். பொறாமையைச் சுமந்துகொண்டிருந்த நீதிபதி அண்ணனை விட்டிருக்க மாட்டார். அரவிந்தரை உள்ளே தள்ளினால் மேலிடம் மகிழ்ந்திருக்கும். விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்யலாமா என்று வங்காள அரசு தீவிரமாக யோசித்ததும், கடைசியில் கைவிட்டதும் பதிவான சரித்திரம்.

இன்றாக இருந்தால் வேறு கேள்வி எழும். அந்த நீதிபதி அந்த வழக்கைக் கேட்டிருக்கவே கூடாது அல்லவா? உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 1997ல் ஏற்றுக்கொண்ட நன்னடத்தைக் கோட்பாடுகளில், குடும்பத்தினரோ நெருங்கிய உறவினரோ நண்பரோ சம்பந்தப்பட்ட வழக்கை நீதிபதி விசாரிக்கக்கூடாது என்பதும் ஒன்று. நல்ல விதி. ஒரே வகுப்பில் இருந்தவர் எல்லாம் நண்பரா என்பது வேறு விவாதம். ஆனால் விதியின் நோக்கம் என்ன? தெரிந்த முகம் நீதியைக் கோணலாக்கிவிடக்கூடாது என்பது. அலிப்பூரில் தெரிந்த முகம் எதிரே இருந்தது, தீர்ப்பு கோணவில்லை. விதி காப்பாற்ற நினைத்ததை அங்கே ஒரு மனிதரின் பழக்கம் காப்பாற்றியது. எல்லா நீதிபதிகளிடமும் அதை எதிர்பார்க்க முடியாது என்பதால்தான் விதி.

தூக்குத் தண்டனையைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1909 நவம்பரில் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனையாகக் குறைத்தது. அடுத்த மாதமே பரீந்தர், உல்லாஸ்கர் முதலியோர் கப்பலில் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனோ 1910 ஏப்ரல் 4 அன்று வேறொரு கப்பலில் வேறொரு துறைமுகத்தில் இறங்கினார். பாண்டிச்சேரி. அங்கே ஏற்கனவே அடைக்கலம் புகுந்திருந்த பாரதியாருக்கு வேதம் பேசத் துணை கிடைத்தது. தமிழ் மண்ணுக்கு ஓர் ஆசிரமம் கிடைத்தது. ஒரு நீதிபதி ஆதாரத்தை மட்டும் பார்த்ததன் விளைவு.

செல்லுலார் சிறையில் நடந்தவை வேறு ரகம். செக்கில் மாட்டுக்குப் பதில் மனிதன். ஒரு நாளைக்கு இத்தனை பவுண்டு எண்ணெய் என்று கணக்கு, குறைந்தால் தண்டனை. தமிழனுக்கு இந்தச் செக்கு அந்நியமல்ல. அதே காலத்தில் கோவைச் சிறையில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் செக்கிழுத்தார். அவருக்கும் 1908 ஜூலையில் விதிக்கப்பட்டது தீவாந்தர தண்டனைதான். மேல்முறையீட்டில் அது குறைந்ததால் கோவை, கண்ணூரோடு போயிற்று. இல்லாவிட்டால் உல்லாஸ்கர் இழுத்த செக்குக்குப் பக்கத்துச் செக்கு அவருடையதாக இருந்திருக்கலாம்.

உல்லாஸ்கர் சிரிப்பும் பாட்டுமாக இருந்த இளைஞர். 1912ல் அவரைக் கைவிலங்கோடு நிற்க வைத்துத் தண்டித்தார்கள். கடும் ஜுரம், வலிப்பு. அத்தோடு மனம் பிறழ்ந்தது. தீவிலிருந்த மனநோய் விடுதியில் வைத்திருந்துவிட்டுப் பிறகு சென்னைக்கு அனுப்பினார்கள், கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனைக்கு. வங்காளத்துப் புரட்சிக்காரர் ஒருவர் பல ஆண்டுகள் நம் கீழ்ப்பாக்கத்தில் அடைபட்டுக் கிடந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1920ல் விடுதலை. அதே வருடம் பரீந்தருக்கும் விடுதலை. அவருடைய அந்தமான் அனுபவ நூலின் ஆங்கில வடிவம் 1922ல் வெளிவந்தது பாண்டிச்சேரியிலிருந்துதான். 1923ல் அவரே அண்ணனிடம் வந்து சேர்ந்து சில வருடங்கள் ஆசிரமத்தில் இருந்தார். ஒரே தீர்ப்பில் பிரிந்த சகோதரர்கள்.

உல்லாஸ்கருக்கு இன்னொரு கணக்குப் பாக்கி இருந்தது. விபின் சந்திர பாலின் மகள் லீலாவுக்கு அவர் இளமையிலேயே மனம் கொடுத்திருந்தார் என்பார்கள். கைது வந்தது, தீவு வந்தது, கீழ்ப்பாக்கம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் திருமணம் ஆனது. வருடங்கள் ஓடின. 1948ல் உல்லாஸ்கருக்கு 63 வயது. லீலா அப்போது கணவரை இழந்தவர், நடமாட்டம் குன்றிய நோயாளி. அவரைத் தேடிப் போய் மணந்துகொண்டார் உல்லாஸ்கர். கைதாகிச் சரியாக 40 வருடங்கள் கழித்து. கடைசிக் காலத்தை அஸ்ஸாமின் சில்சாரில் கழித்தார்கள். அவர் 1965ல் அங்கேயே காலமானார்.

லீலாவின் அப்பா பெயரைப் படித்ததும் தமிழ்நாட்டுச் சரித்திரம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். 1907ல் சென்னைக் கடற்கரையில் பேசித் தமிழ் இளைஞர்களை ஆட்டிவைத்தவர் விபின் சந்திர பால். அதே வருடம், "வந்தே மாதரம்" பத்திரிகை வழக்கில் அரவிந்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து ஆறு மாதம் சிறை போனார். 1908 மார்ச் 9 அன்று அவர் விடுதலையானதைக் கொண்டாடியதற்காகத்தான் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மூன்று நாள் கழித்துக் கைதானார்கள். விபின் பால் வாயைத் திறக்க மறுத்தது ஒருபுறம் அரவிந்தரைக் காப்பாற்றியது, மறுபுறம் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியின் நிறுவனரைச் செக்கடிக்கு அனுப்பியது. அன்று யாருக்கும் இந்த முடிச்சுகள் தெரியவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் நூல் தெரிகிறது.

தற்செயல்களின் குணமே இதுதான். நடக்கும்போது அவை சாதாரணச் சம்பவங்கள். அமெரிக்காவில் 1860களில் ஜெர்சி சிட்டி ரயில் நிலையத்தில், நகரத் தொடங்கிய ரயிலுக்கும் மேடைக்கும் இடையே ஓர் இளைஞன் சரிந்து விழுந்தான். யாரோ சட்டைக் காலரைப் பற்றித் தூக்கினார்கள். திரும்பிப் பார்த்தால், புகழ்பெற்ற நாடக நடிகர் எட்வின் பூத். இளைஞனின் பெயர் ராபர்ட் லிங்கன், ஜனாதிபதியின் மகன். 1865ல் எட்வினின் தம்பி ஜான் வில்க்ஸ் பூத் அந்த ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்றான். தம்பியின் பாவத்தில் கூசிப்போயிருந்த எட்வினுக்கு, தான் தூக்கிவிட்டது யாரை என்பது ஒரு நண்பரின் கடிதம் வழியாகத்தான் தெரிந்தது. ஆறுதலாக இருந்ததாம். ராபர்ட் லிங்கன் 1909ல் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் சம்பவத்தை உறுதி செய்தார். அலிப்பூர்த் தீர்ப்பு வந்த அதே வருடம்.

எட்வின் பூத் ஜனாதிபதி மகன் என்று தெரிந்து காலரைப் பிடிக்கவில்லை. விழப்போகிறவன் யாராக இருந்தாலும் பிடித்திருப்பார். அந்தச் செயலுக்கு மதிப்பு அதனால்தான். பீச்கிராஃப்டுக்கு எதிரில் நிற்பவர் யார் என்று தெரியும். தெரிந்தும், தெரியாத ஒருவரை எப்படி விசாரிப்பாரோ அப்படி விசாரித்தார். இது இன்னும் கடினம்.

அரவிந்தருக்கே தற்செயலைப் பற்றி வேறு அபிப்பிராயம் இருந்தது. அவர் பிறந்தது 1872 ஆகஸ்ட் 15. அவருடைய 75வது பிறந்த நாளன்று இந்தியா சுதந்திரம் பெற்றது. அந்தத் தேதியை மவுண்ட்பேட்டன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. 1942 முதல் அந்தமானை ஆக்கிரமித்து ஆட்டிப்படைத்த அதே ஜப்பான், சரணடைவதாக 1945ல் அறிவித்த நாள் அது. ஆனால் திருச்சி வானொலிக்காகக் கொடுத்த செய்தியில் அரவிந்தர், இது வெறும் தற்செயல் அல்ல, தன் வாழ்நாள் பணிக்குக் கிடைத்த தெய்வ சம்மதம் என்று எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லும் உரிமை, 37 வருடங்களாக அந்தப் பணியில் உட்கார்ந்திருந்தவருக்கு இருந்தது. ஆகஸ்ட் 15ல் பிறந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பிறந்த தேதி எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு அர்த்தம் சேர்ப்பதற்குத்தான் ஓர் ஆயுள் செலவாகிறது.

"நம்ம ஊர்க்காரர்" என்று தெரிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? வரிசையில் முன்னால் விடுகிறோம். ஃபைலை மேலே வைக்கிறோம். அல்லது பழைய பகையை ஞாபகப்படுத்திக்கொண்டு அடியில் சொருகுகிறோம். ஒரு கப் தேநீர் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டால் குற்றமில்லை. பாலைத் தண்ணீரில்லாமல் ஊற்றுவது, மருந்தைச் சரியாக எடுத்துக் கொடுப்பது, மனுவை வந்த வரிசைப்படி பார்ப்பது ஆகியவை ஊர் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உல்லாஸ்கர் போல, பழைய தொடர்பு கேட்பது நம் சொந்த வாழ்க்கையை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். அது கேட்பது நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட தராசை என்றால், அப்போது பீச்கிராஃப்ட்தான் வழிகாட்டி.

அந்த நீதிபதி பிற்பாடு கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியானார். அவருக்கு இங்கே சிலை இல்லை, தெரு இல்லை. எதிர்பார்க்கவும் முடியாது. அவர் அனுப்பியவர்களின் வேதனைதான் செல்லுலார் சிறையின் சுவர்களில் இருக்கிறது. அதற்கு அவரும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் நடுக்கோபுரத்துச் சலவைக்கல்லில் எத்தனை வரி படித்தாலும் ஒரு பெயர் கிடைக்காது. அரவிந்த கோஷ். நிரூபிக்கப்படாத குற்றத்துக்கு ஒருவரை அனுப்ப மாட்டேன் என்று, கிரேக்கத்தில் இரண்டாவதாக வந்த ஒருவர் முடிவு செய்ததால் விடுபட்ட பெயர் அது.